எண்ணூறு சிசி எனக்குப் போதுமாக இருந்தது

சின்னக் காரில் பெரிய எஞ்சினைத் தூக்கி வைப்பது வீண் வேலை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். கார் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும். அவர்களில் பாதிப் பேர் அப்படி மாற்றிய காரை மண்ணில் ஓட்டிப் பார்த்ததில்லை. நான் ஓட்டியிருக்கிறேன். மாற்றுவதற்கு முன்னாலும் ஓட்டியிருக்கிறேன், மாற்றிய பிறகும் ஓட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டையும் ஒழுங்காக ஓட்டியவள் நான் ஒருத்திதான். ஆனால் என்னைத்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கணபதியில் என் வீட்டுக்காரர் கிணற்று மோட்டார் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். அவருடைய தம்பி, என் கொழுந்தனார், கூடவே இருந்து விற்பனையைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் கார்ப் பித்து. கம்பெனி ஷெட்டின் பின்பக்கம் ஒரு சிவப்புக் கார் நிற்கும். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர். அந்த நாளில் கோயமுத்தூரில் தெருவுக்கு நாலு நின்ற அதே சின்னக் கார்தான். ஆனால் எங்களுடையதைப் பந்தயத்துக்கென்று தயார் செய்திருந்தார்கள். பின் சீட்டைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, முறுக்கு கூட எஞ்சினின் ஹெட்டைக் கொஞ்சம் சீவி, கார்புரேட்டரை மாற்றியிருந்தார்கள். கிளப்பினால் பக்கத்தில் இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

பந்தயம் என்றால் பத்துக் கார்கள் ஒன்றையொன்று துரத்துவது இல்லை. அறுவடை முடிந்த காட்டில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கி வைப்பார்கள். ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். டயரில் இடித்தால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். குறைந்த நேரத்தில் வந்தவருக்குக் கோப்பை. ஊரிலிருந்த கார்ப் பித்தர்கள் ஒரு சங்கம் மாதிரி சேர்ந்து, மழை இல்லாத மாதங்களில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை நடத்துவார்கள். பெண்கள் துண்டு விரித்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் பிரித்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம்.

நான் அதில் இறங்கியது என் ஆசையால் இல்லை. நடத்துகிறவர் ஒரு நாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் வந்து நின்றார்.

"ஏனுங்க, லேடீஸ் பிரிவுக்கு மூணு பேராச்சும் வேணுமுங்க. ரண்டு பேருதான் பேரு குடுத்திருக்காங்க. கப்பு வேற வாங்கி வெச்சுப்போட்டோம்."

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்க பேர எழுதிக்குங்க. தெனமும் மோட்டார் ஏத்திக்கிட்டு சிங்காநல்லூருக்கும் பீளமேட்டுக்கும் வேன் ஓட்டறாங்க. டயரத் தொடாம வந்தாப் போதும்."

நாலு பேர் பார்க்க நடந்து போவதற்கே கூசுகிறவள் நான். கல்யாண வீட்டில் மேடையேறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியதும் ஒன்று நடந்தது. உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. என் முகம் யாருக்கும் தெரியவில்லை. யாரும் என்னைப் பேசச் சொல்ல முடியாது. அங்கே எனக்கு ஸ்டியரிங்கும் மண்ணும் மட்டும்தான்.

மண் எனக்குப் புதிது இல்லை. என் அப்பாவின் தோட்டம் அன்னூருக்கு அந்தப் பக்கம். பத்தாவதோடு படிப்பு நின்ற பிறகு, கல்யாணம் ஆகும்வரை, காலையும் மாலையும் பால் கேன்களை ஜீப்பில் ஏற்றி சொசைட்டிக்குக் கொண்டுபோனது நான்தான். இரண்டு பக்கமும் வேலி, நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற இட்டேரி. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. பால் சிந்தாமல் வளைத்து ஓட்ட வேண்டும். எந்த இடத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், எந்த இடத்தில் வண்டியை அதன் போக்கில் விட வேண்டும் என்பது அதில் தானாக வந்தது.

அன்று நான் டயரைத் தொடவில்லை. கோப்பையும் வாங்கினேன். மூன்றே பேர் ஓட்டிய பிரிவில் கோப்பை வாங்குவது பெரிய விஷயம் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த தடவையும் ஓட்டினேன், அதற்கடுத்த தடவையும் ஓட்டினேன். அந்தக் கார் அவ்வளவு லேசாக இருந்தது. முன்பக்கம் கனமே இல்லை. வளைவுக்குள் நுழையும்போது காலை எடுத்தால் மூக்கு தானாக உள்ளே திரும்பும். ஹேண்ட் பிரேக்கை ஒரு இழு இழுத்தால் பின்பக்கம் சுற்றி வந்து நிற்கும். வேகம் அதிகம் இல்லைதான். ஆனால் இருந்த வேகத்தைக் குறைக்க வேண்டியதே இல்லை. இதுதான் விஷயம். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

வினை வந்தது என் அப்பா ஊர்ப் பக்கம் நடந்த பந்தயத்தில். அன்னூர் தாண்டி ஒரு சோளக்காடு. முந்தின நாள் லேசாகத் தூறியிருந்தது. அன்று கொழுந்தனார் முதலில் ஓட்டினார், பிறகு அதே காரில் நான் ஓட்டினேன். நடத்துகிறவர் நேரத்தை மைக்கில் வாசித்தபோது என்னுடையது அவருடையதைவிடக் குறைவாக இருந்தது.

மைக்கைப் பிடித்தவருக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏந் தம்பி, நங்கையாகிட்ட டியூசன் போகோணுமாட்ட இருக்குதே!" என்றார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். காடு முழுக்கச் சிரிப்பு. சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "டியூசன் பீசு எவ்வளவுங் அம்மணி?" என்று குரல் கொடுத்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

கொழுந்தனார் நல்லவர். எனக்குத் தம்பி மாதிரி. அவரும் சிரித்தார். ஆனால் வீடு திரும்பும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலைக் காப்பிக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "எஞ்சின் பத்தலீங்கண்ணா."

"ஆமா, எனக்கும் அப்படித்தான் படுது," என்றார் என் வீட்டுக்காரர்.

"இதே கம்பெனியோட பெரிய கார்ல வர்ற ஆயிரத்து முன்னூறு சிசி எஞ்சின எறக்கிப் போட்டமுன்னா, கோயமுத்தூர்ல நம்மள ஒருத்தரும் தொட முடியாதுங்க."

நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அதே எஞ்சினில், அதே காட்டில், அதே நாளில் ஒருத்தி அவரைவிடச் சீக்கிரம் வந்திருக்கிறாள். அவள் ஒரு கை தூரத்தில் நிற்கிறாள். எஞ்சின் பத்தவில்லை என்றால் அவளுக்கு மட்டும் எப்படிப் பத்தியது? இந்தக் கேள்வி அந்த இரண்டு பேர் தலையிலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கொதிக்கிறது.

"பெரிசு போட்டா வளைவுல திரும்பாதுங்க," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

"நங்கையா பயப்படறாங்க," என்றார் கொழுந்தனார் சிரித்துக்கொண்டே. "சர்க்கரை கொஞ்சம் எச்சாப் போடுங்க நங்கையா." அவ்வளவுதான். என் கருத்துக்குக் கிடைத்த மதிப்பு ஒரு ஸ்பூன் சர்க்கரை.

இவர்கள் புத்தி ஏன் இப்படிப் போகிறது என்று பிறகு யோசித்திருக்கிறேன். எங்கள் ஊருக்கே இந்தப் பழக்கம் உண்டு. கிணற்றில் தண்ணீர் கீழே போனால் எங்கள் விவசாயிகள் கிணற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள், மோட்டாரைப் பற்றித்தான் பேசுவார்கள். கம்பெனிக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது இதுதான்: "அஞ்சு ஹெச்பி பத்தலீங். ஏழரை போட்டுக் குடுங்." ஏழரை போடுவார்கள். அது காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் எடுக்கும். பிறகு காற்றைத்தான் எடுக்கும். உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி புகைந்து போய்த் திரும்பி வரும். அடுத்த வருஷம் வந்து பத்து ஹெச்பி கேட்பார்கள். சாப்பிட உட்காரும்போது என் வீட்டுக்காரரே தலையில் அடித்துக்கொள்வார். "கெணத்துல தண்ணியே இல்லீங்கறேன். மோட்டார மாத்துனா ஊறிருமா? சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல அம்மணி." இப்படிச் சொன்ன அதே மனுஷன்தான் காருக்குப் பெரிய எஞ்சின் தேடி அலைந்தார். ஊரான் கிணறு என்றால் தெரிகிறது. தன் கார் என்றால் தெரியவில்லை.

எஞ்சின் உக்கடத்தில் கிடைத்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரியில் மோதி நசுங்கிய ஒரு பெரிய காரை பழைய இரும்புக் கடை பாய் ஒருவர் வாங்கிப் பிரித்துப் போட்டிருந்தார். நான்தான் வேனை ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணனும் தம்பியும் இறங்கிப் போய் எஞ்சினைத் தட்டிப் பார்த்தார்கள், ஆயிலைத் தொட்டு முகர்ந்தார்கள். நான் வேனிலேயே ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாய் நன்றாகப் பேசுகிறவர்.

"சின்னக் காருல இதையா வெக்கப்போறீங்க? அப்பச் சக்கரத்துக்குப் பதிலா றெக்க மாட்டிக்குங்க," என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "ஓட்டப்போறது யாருங்க?"

என் வீட்டுக்காரர் ஒரு நொடி தம்பியைப் பார்த்தார். "தம்பிதானுங்க," என்றார்.

"ஏனுங்க, லேடீஸ் கப்பு எல்லாம் உங்க ஊட்டுக்குத்தான் போகுதுன்னு சொன்னாங்க?"

"அது பழைய எஞ்சினுங்க. இது அவங்களுக்குக் கையில நிக்காது."

இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் சொல்லவில்லை, முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. உக்கடம் பழைய இரும்புக் கடையில், முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக. நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். என்னிடம் திரும்பி, என்ன அம்மணி, சரிதானே என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பெரிய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். என்னைக் காரிலிருந்து இறக்கிவிடப் போகிற எஞ்சினை நானே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அதன் பாரத்தில் வேனின் பின்பக்கம் அமுங்கிக்கொண்டே வந்தது.

ஷெட்டில் மாசக்கணக்கில் வேலை நடந்தது. பழைய எஞ்சினை இறக்கி ஒரு டயர்மேல் உட்காரவைத்து சாக்கைப் போட்டு மூடினார்கள். புது எஞ்சின் உள்ளே போகவில்லை. முன்பக்கத் தகட்டை வெட்டினார்கள். பிடிமானத்துக்குப் புதிதாக இரும்பு வைத்து வெல்டு செய்தார்கள். பழைய ரேடியேட்டர் பத்தவில்லை, பெரிதாக ஒன்று வைத்தார்கள். சக்கரத்துக்குப் போகிற தண்டு நீளம் சரிவரவில்லை, லேத்தில் வேறு கடைந்தார்கள். எல்லாம் மாட்டி முடித்ததும் காரின் மூக்கு தரையைப் பார்த்தது. அதற்காகத் தடியான ஸ்ப்ரிங் போட்டார்கள். ஒன்றைப் போட்டால் இன்னொன்று பத்தவில்லை, அதைப் போட்டால் வேறொன்று. வருகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். "நம்மூர்ல செய்ய முடியாததுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" இல்லைதான். கோயமுத்தூரில் எதையும் வார்த்துவிடலாம், எதையும் கடைந்துவிடலாம். ஆனால் செய்ய முடிகிறது என்பதற்காகவே ஒன்றைச் செய்ய வேண்டுமா? இதை யாரும் கேட்கவில்லை. ஷெட்டில் அது கேட்கத் தோன்றாத கேள்வி.

நியாயமாகச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டில் போனார் என் வீட்டுக்காரர். கார் பறந்தது. பஸ்ஸையும் லாரியையும் நின்ற இடத்தில் நிற்கவிட்டுவிட்டுப் போனது. ரோடு நேராகவே போய், நடுவில் வளைவும் வராமல், யாரும் குறுக்கே வராமல் இருந்தால் பெரிய எஞ்சின் நல்லதுதான். அப்படி ஒரு ரோடு எங்கே இருக்கிறது? அவிநாசிக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி ரோட்டைக் கடந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். அந்தச் சின்னப் பிரேக் அந்தப் பெரிய வேகத்தை என்ன செய்யும்? எங்கேயோ நிற்க வேண்டிய கார் எங்கேயோ போய் நின்றது. வண்டிக்காரர் திரும்பி எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"பிரேக்கு மட்டும் கொஞ்சம் பாக்கோணும்," என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த பந்தயம் அதே அன்னூர்ச் சோளக்காட்டில். கோடும் அதே கோடுதான், டயர் வைத்த இடமும் அதே இடம்தான். பானெட்டைத் திறந்து வைத்ததும் ஊரே வந்து குனிந்து பார்த்தது. பெண் வீட்டுச் சீரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். கொழுந்தனார் ஹெல்மெட்டை அக்குளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நடத்துகிறவர் என்னைத் தேடினார்.

"அம்மணி ஓட்டலீங்களா?"

"வண்டி நெம்ப முறுக்கா இருக்குதுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "அவங்களுக்கு வேண்டாமுன்னு பாத்தேன்."

அவர் பார்த்தாராம். நான் கையில் சோற்றுத் தூக்குப் போசியோடு நின்றுகொண்டிருந்தேன்.

கொழுந்தனார் கிளம்பினார். முதல் நேர்ப்பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் பாய்ந்தது. எல்லோரும் கத்தினார்கள். முதல் வளைவு வந்தது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார், முன்சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. அது நேராகவே போனது. டயர் அடுக்கு சிதறியது. பிறகு பின்னால் வந்து, திருப்பி, மறுபடி பாய்ந்தார். அடுத்த வளைவிலும் அதேதான். வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முன்சக்கரம் ஒரே இடத்தில் சுற்றி மண்ணை வாரி இறைத்தது. எண்ணூறு சிசியில் அவர் எடுத்த நேரத்தைவிட இதில் அதிகமாக எடுத்தார். டயர் இடித்ததற்கு வேறு கூட்டினார்கள்.

இறங்கி வந்தவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்ன வார்த்தை என் இரக்கத்தைக் கெடுத்தது. "பவர் வந்துருச்சுங்கண்ணா. வண்டிதான் தாங்க மாட்டேங்குது." வண்டி மேல் பழியைப் போட்டுவிட்டார். எனக்கு அது என்னைச் சொன்ன மாதிரியே பட்டது.

போசியைத் துண்டின்மேல் வைத்தேன். நேராகப் போய் அவர் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினேன்.

"நான் ஓட்டறனுங்க," என்றேன்.

"அம்மணி, வேண்டாம்..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். நடத்துகிறவர், "ஓட்டட்டுமுங்க, லேடீஸ்ல இன்னிக்கும் ஆளு பத்தல," என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காரில் உட்கார்ந்ததும் தெரிந்தது, இது வேறு மிருகம் என்று. நேர்ப்பாதையில் முழுக்க மிதிக்காமல் பாதியிலேயே காலை எடுத்தேன். வளைவுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே பிரேக் பிடித்தேன். பிறகு காத்திருந்தேன். மூக்கு எப்போது திரும்பும் என்று காத்திருக்க வேண்டும். திரும்பிய பிறகு, சக்கரம் சுற்றாமல் இருக்க, மிதிப்பதற்கும் காத்திருக்க வேண்டும். பழைய காரில் என்னால் ஒரு நொடி சும்மா இருக்க முடியாது, கையும் காலும் வேலை செய்துகொண்டே இருக்கும். இதில் காத்திருப்பதே வேலையாக இருந்தது. பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தாமல் ஓட்டினால்தான் கோட்டுக்குள் நிற்கிறது. அதை எதற்குச் சுமக்க வேண்டும்?

டயரைத் தொடாமல் வந்தேன். மைக்கில் நேரம் வாசித்தார்கள். கொழுந்தனாரைவிட நல்ல நேரம். ஆனால் போன தடவை, இதே கோட்டில், பழைய எஞ்சினில் நான் எடுத்ததைவிட மோசம். வாசித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் நேரத்தை நான் மறக்கிறவள் இல்லை.

கீழே இறங்கினேன். கொழுந்தனார் ஓடி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. என்னிடம் இல்லை, அண்ணனிடம்.

"பாத்தீங்களாண்ணா! எஞ்சின் சூப்பரா இருக்குதுங்க. நங்கையாளே இந்த டைம் போடறாங்கன்னா பாத்துக்குங்க!"

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்றார் என் வீட்டுக்காரர். "நல்ல எஞ்சின்தான். பிரேக்க மாத்திப்போட்டமுன்னா சரியாயிரும்."

அந்த 'நங்கையாளே'யில் இருந்த ஏகாரம் எனக்குச் சுருக்கென்று குத்தியது. நான் வேகமாக வந்தால் அது எஞ்சினின் கெட்டிக்காரத்தனம். கொழுந்தனார் மெதுவாக வந்தால் அது வண்டியின் குற்றம். பழைய காரில் நான் வேகமாக வந்தபோது எஞ்சின் பத்தவில்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்தக் கணக்கில் நான் எங்கேயும் இல்லை.

ஹெல்மெட் இன்னும் தலையில்தான் இருந்தது. அதனால்தான் பேச முடிந்ததோ என்னவோ.

"போன தடவ இதே காட்டுல, பழைய எஞ்சின்ல, நான் இதவிடச் சீக்கிரம் வந்தனுங்க," என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள்.

நடத்துகிறவர் மைக்கை இறக்கினார். "ஆமாங்க, அது வாஸ்தவந்தான். எனக்கும் நெனப்பிருக்குது."

"அன்னிக்கு மண்ணு ஈரமா இருந்துது அம்மணி," என்றார் என் வீட்டுக்காரர். "ஈர மண்ணுல பிடிமானம் எச்சா இருக்கும்."

"இன்னிக்குக் காத்து வேற எதுத்தாப்ல அடிக்குதுங்க," என்றார் கொழுந்தனார்.

காற்று! ஒரு இலை அசையவில்லை அன்று.

"அந்த எஞ்சினத் திருப்பி மாட்டுங்க," என்றேன். "இல்லாட்டி நான் இந்த வண்டீல இனி ஏறமாட்டனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "செரி செரி, ஊட்டுல போயிப் பேசிக்கலாம்."

வீட்டில் பேசவில்லை. மறுநாள் பெரிய காரின் பிரேக்கைத் தேடி மறுபடி உக்கடம் போனார்கள். பிரேக் பெரிதானதால் சக்கரம் பெரிதானது. சக்கரம் பெரிதானதால் ஸ்டியரிங் இறுகியது. கடைந்து வைத்த தண்டு ஒரு நாள் ஷெட் வாசலிலேயே முறிந்தது. அதைவிடத் தடியாக ஒன்று கடைந்தார்கள். கிணற்றுக்காரர்கள் ஏழரையிலிருந்து பத்துக்குப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய எஞ்சின் சாக்குக்கு அடியில் அப்படியே கிடந்தது. நான் ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் அது கிடக்கிற மூலையைப் பார்ப்பேன். அதை எடுத்து மாட்ட இரண்டு நாள் வேலை. என்னிடம் கேட்டிருந்தால் நானே பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அடுத்த பந்தயத்துக்குப் பேர் கொடுக்கிற நேரம் வந்தது. என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் ராகிக் களி கிளறிக்கொண்டிருந்தேன்.

"உன்ற பேரும் குடுத்தரட்டுமா அம்மணி?"

"எந்த எஞ்சினுங்க?"

"அதேதான். இப்பப் பிரேக்கெல்லாம் நல்லா இருக்குது. வந்து ஓட்டிப் பாரு."

"அப்ப வேண்டாமுங்க."

கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "ஒரு எஞ்சினுக்காகவா இத்தன புடிவாதம்?"

"நீங்களும் ஒரு எஞ்சினுக்காகத்தான என்னைய எறக்கி உட்டீங்க?"

கோபப்படவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்கு ஒன்றும் கெடுதல் செய்துவிட்டதாகவே அவர் நினைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்று என் பேரைக் கொடுக்காமல் வந்தார். அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. நானும் அந்தக் காரில் ஏறவில்லை. பிடிவாதத்தில் எனக்கென்ன லாபம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்று இருந்த அந்தச் சில நிமிஷங்கள் போயின. ஆனால் காத்திருந்து காத்திருந்து ஓட்டி, கடைசியில் எஞ்சினுக்குக் கைதட்டு வாங்கிக் கொடுக்க என்னால் முடியாது.

அந்தக் கார் ஒரு கோப்பையும் வாங்கவில்லை. இரண்டு மூன்று பந்தயம் ஓடியது. பிறகு கியர் பாக்ஸ் போயிற்று. பிறகு நின்ற இடத்தில் நின்றது. திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் வீட்டுப் பையன் வந்து, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கண் விரிய வாங்கிக்கொண்டு போனான். பழைய எஞ்சினையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஸ்பேருக்கு ஆகுமாம்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் சொந்தக்காரர்கள் ஒறம்பரை வந்திருந்தார்கள். காரமடைத் தேருக்குப் போய்விட்டு வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். வந்தவர்களில் எனக்கு மாமா முறையாகிற ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார். "ஏனுங்க மாப்ள, அம்மணி முந்தியெல்லாம் கார் ரேசு ஓட்டுவாங்களாமே?"

"ஓட்டுனாங்க, நல்லா ஓட்டுனாங்க," என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக. "அப்பறம் ஊட்டு வேல, புள்ளைங்க படிப்புன்னு அவங்களே உட்டுப்போட்டாங்க."

நான் உள்ளே தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமாக ஒறம்பரை இருக்கும்போது அந்தக் கதவைத் தாண்டி என் குரல் கேட்காது. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்தவருக்குக் காப்பியைக் கொடுத்தேன்.

"நான் உடலீங்க மாமா," என்றேன். "எனக்கு நல்லா இருந்த எஞ்சினக் கழட்டிப்போட்டாங்க."

தட்டில் டம்ளர்கள் சத்தம் போட்டன. அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அப்படிங்களா மாப்ள?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். பிறகு, "ஆமாங்க," என்றார்.